காகிதத் தேவாலயம்

ஆலயத்தின் உறுதி அதற்கு அமைந்த பொருளால் வருவதோ, அன்றி அதனைத் தமதெனக் கொண்டாரால் வருவதோ? இவ்வினாவை ஆராய்வதற்கு, ஜப்பான் நாட்டுக் கோபே நகரில் எழுந்த எளியதோர் ஆலயத்தின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் அந்நகரைப் பெரும் பூகம்பம் தாக்கிற்று. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் இடிந்ததோடு அமையாது, பல பகுதிகளில் தீயும் பரவிற்று. நகாத்தா என்னும் பகுதியிலிருந்த தக்காத்தோரி கத்தோலிக்க ஆலயம் அத்தீக்கு இரையாயிற்று. வியட்நாமிலிருந்து அகதிகளாய் வந்தவர் பலர் அவ்வாலயத்தைச் சார்ந்திருந்தனர். அவர்கட்கு வீடும் இல்லை. கூடி வணங்குதற்கு இடமும் இல்லை.

ஷிகெரு பான் என்னும் கட்டடக் கலைஞர் டோக்கியோவிலிருந்து அங்குச் சென்று, காகிதக் குழாய்களால் ஆலயம் அமைத்துத் தருவதாகக் கூறினார். தீயில் வெந்த இடத்திற்குக் காகிதமா என்று பங்குக் குருவானவர் முதலில் இணங்கிலர். பான் மனந்தளராது பன்முறை சென்றார். அகதிகள் தங்குதற்கு முதற்கண் சிறு வீடுகள் அமைத்தார். மணல் மூட்டை நிரப்பிய பீர்ப் பெட்டிகளே அவற்றிற்கு அடித்தளம். காகிதக் குழாய்களே சுவர். பின்னரே ஆலயம் எழுந்தது. தொண்டர் சுமார் 160 பேர் ஐந்து வாரத்தில் அதனை முடித்தனர். 58 காகிதத் தூண்கள் முட்டை வடிவாக நின்று உள்ளிடத்தைச் சூழ்ந்தன.

காகிதம் பாரந் தாங்குமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மூங்கிலை நோக்குமின். உள்ளே வெறுமையாயிருந்தும் அஃது எளிதில் வளைவதில்லை. அதன் வலிமைப் பொருள் நடுவினின்று விலகி வட்டமாய் நிற்றலே காரணம். காகிதத்தைப் பல சுற்றாகப் பசையிட்டுச் சுருட்டிய குழாய்க்கும் இவ்வியல்பு உண்டு. மேலும், நிலம் நடுங்குங்கால் கட்டடத்தின் மீது விளையும் விசை அதன் எடையைப் பொறுத்தது. கனத்த கற்சுவர் தன் பாரத்தாலேயே கேடுறும்; இலேசான கட்டடமோ அவ்வளவு துன்புறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கென்று எழுந்த அவ்வாலயம் பத்தாண்டு நின்றது. நிலையான ஆலயம் எழும் காலம் வந்தபோது, 2005ஆம் ஆண்டில் அது பிரிக்கப்பட்டது. எனினும் குப்பைக்குச் சென்றிலது. 1999ஆம் ஆண்டுப் பூகம்பத்தால் நலிந்த தைவான் நாட்டுத் தாவோமி என்னும் சிற்றூர்க்குக் கொண்டு செல்லப்பெற்று, 2008ஆம் ஆண்டில் அவ்வூரார் கூடும் இடமாயிற்று.

நியூசிலாந்திலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்து ஆங்கிலிக்கன் பேராலயத்தின் கற்கோபுரம் வீழ்ந்தது. பான் ஊதியம் பெறாது வரைந்தளித்த காகிதப் பேராலயம் 2013ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. கப்பற்சரக்குப் பெட்டகங்கள் அதன் பக்கங்களாயின. சுமார் 700 பேர் அதனுள் அமரலாம். ஆயினும் அதன் குழாய்களுக்குள் மரவிட்டங்களும் உள்ளன என்பதை மறைத்தல் தகாது.

இலக்கணங் கற்கும் நாம், 'ஊர் சிரித்தது' என்பதனை இடவாகுபெயர் என்கிறோம். இடத்தின் பெயர் ஆங்குள்ள மக்களுக்கு ஆயிற்று. 'சபை' என்னுஞ் சொல்லும் இடத்தையும் குறிக்கும். அங்குக் கூடினாரையும் குறிக்கும். தக்காத்தோரியில் இடம் வெந்தது; கூடுவோர் வேகவில்லை. ஆதலின் காகிதமும் அவர்க்கு ஆலயமாயிற்று. கூடுவோர் அற்ற இடத்திலோ கருங்கல்லும் வெறுங்கல்லே. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்து சென்ற ஆசரிப்புக் கூடாரமும் மரமும் துணியும் தோலும் கொண்டு அமைந்ததன்றோ? நாம் நம் ஆலயங்களின் உயரத்தை வியக்குமுன், அவற்றுள் வீடிழந்தார்க்கு இடமுண்டோ என வினாவுதல் கடனாம்.