திரிபலா சூரணம்: சகோதரிகள் அறிய வேண்டியவை

நம் வீடுகளில் வயிறு மந்தமானால் மூத்த பெண்கள் முதலில் சொல்லும் மருந்து திரிபலா. இன்று அதே தூள் ‘மாதவிடாய்க் கோளாறு நீங்கும், முகம் பளபளக்கும், வயது குறைந்து தெரியும்’ என்ற விளம்பரத்தோடு பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது, யார் சாப்பிடக் கூடாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

திரிபலா என்பது என்ன?

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றின் உலர்ந்த தோலைச் சம அளவு எடுத்து இடித்த தூளே திரிபலா. சித்தம், ஆயுர்வேதம் இரண்டிலும் இது உண்டு. யுனானி ஹகீம்கள் இதே மூன்று காய்களின் தூளை நெய்யிலோ பாதாம் எண்ணெயிலோ பிசறி, தேன் சேர்த்துக் கிண்டிய லேகியமாகக் கொடுப்பார்கள். அதற்கு இத்ரீஃபல் என்று பெயர். திரிபலா என்ற வடமொழிச் சொல்தான் அரபியில் இத்ரீஃபல் ஆனது.

செய்முறையும் அளவும்

நாட்டு மருந்துக் கடையில் பூச்சி அரிக்காத காய்களாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றிலும் கொட்டையை நீக்கிவிட வேண்டும். குறிப்பாகக் கடுக்காயின் கொட்டை ஆகாது என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. தோலை நன்கு காயவைத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஒரே தடவையில் அதிகம் செய்து வைக்க வேண்டாம்.

இரவு படுக்கப்போகும் முன் அரைத் தேக்கரண்டித் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து குடித்தால் காலையில் மலம் இளகிப் போகும். போதவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி வரை கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். வயிறு கடுத்தாலோ பேதியானாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள். தண்ணீர், கீரை, காய்கறி, பழம், நடை ஆகியவை இல்லாமல் தூளை மட்டும் நம்பினால் மலச்சிக்கல் திரும்பவும் வரும்.

முகத்தில் தெரிவது என்ன?

மலச்சிக்கல் நீங்கினால் பசி எடுக்கும், தூக்கம் வரும், உடம்பு இலேசாகும். அதனால் முகமும் சற்றுத் தெளிவாகத் தெரியலாம். ஆனால் சுருக்கத்தையும் நரையையும் திரிபலா போக்காது.

முகம் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்கி, முடி உதிர்ந்தால் இரத்தச் சோகை இருக்கக்கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை உள்ளது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை; கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு 11 கிராம். திரிபலா இரத்தத்தைக் கூட்டாது. அதிலுள்ள துவர்ப்புச் சத்து, தேயிலையைப் போலவே, இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இரும்பு மாத்திரையால் மலம் கறுத்து இறுகுகிறது என்று பல சகோதரிகள் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது மாத்திரையால் வரும் இயல்பான மாற்றம்தான். மாத்திரையைப் பகலில் எலுமிச்சைச் சாறோடும், திரிபலாவை இரவிலும் எடுத்துக்கொண்டால் இரண்டும் மோதாது. கர்ப்பிணிகளுக்கு இந்த யோசனை பொருந்தாது. மலச்சிக்கல் இருந்தால் மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள்.

மலச்சிக்கலோடு உடல் எடை கூடுதல், தோல் வறட்சி, முடி உதிர்தல், அதிக உதிரப்போக்கு ஆகியவையும் சேர்ந்து வந்தால் தைராய்டு குறைந்திருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தூள் சாப்பிட்டால் நோய் வளரும்.

யார் சாப்பிடக் கூடாது?

கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரித்திருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பேதி உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், விடாத வயிற்று வலி, நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு வீட்டு மருந்து பார்க்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடையில் வாங்கும்போது

தயாரிப்பு உரிம எண், சேர்மானப் பொருள்கள், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை புட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தை, தெரிந்தவர் விற்றாலும் வாங்காதீர்கள். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரம் செய்பவரின் மற்ற வாக்குறுதிகளையும் நம்ப வேண்டாம்.

இத்ரீஃபல் வேண்டுவோர் தகுதி பெற்ற யுனானி மருத்துவரிடம் நாடி பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தேனோ சர்க்கரையோ சேர்ந்த லேகியம் என்பதால் சர்க்கரை நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும்.

தூள் புட்டி வாங்கும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பருவமடைந்த பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.