முதனிகளில் செரோடோனின் மரபணு வேறுபாடு: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

குரங்குகளும் மனிதரும் அடங்கிய முதனி வரிசையில் மூளை வேதியியலை நெறிப்படுத்தும் மரபணுக்கள் பெரிதும் ஒத்தவை. எனினும் அவற்றின் செயலளவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. செரோடோனின் கடத்திப் புரத மரபணுவைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபணு அமைப்பு

நரம்பணுக்களுக்கு இடையே வெளியிடப்பட்ட செரோடோனினை மீண்டும் அணுவினுள் ஈர்ப்பது இப்புரதத்தின் பணியாகும். மனிதரில் இம்மரபணுவின் ஊக்குவிப்புப் பகுதியில் குறுவடிவில் 14, நெடுவடிவில் 16 மீள்தொடர்கள் பொதுவாக அமைகின்றன. ரீசஸ் குரங்கிலும் இரு வடிவங்கள் உண்டு. ஆனால் அங்கு நீள வேறுபாடு 21 கார இணைகளே. அது அமைந்த இடமும் வேறு. ஆகவே இவை தனித்தனியே தோன்றியவை எனக் கொள்வதே பொருந்தும். மகாக் பேரினத்தின் வேறு சில இனங்களில் இவ்விருவடிவத் தன்மை காணப்படவில்லை.

சூழலின் பங்கு

ரீசஸ் குரங்குகள் பற்றிய 2002ஆம் ஆண்டு ஆய்வில், தாயின்றி ஒத்த வயதுக் குட்டிகளுடன் வளர்ந்தவற்றுள் குறுவடிவம் உடையவற்றின் மூளைத்தண்டுவட நீரில் செரோடோனினின் சிதைபொருள் குறைந்திருந்தது. தாயிடம் வளர்ந்தவற்றில் அவ்வேறுபாடு இல்லை. மனிதரில் குறுவடிவத்தையும் வாழ்க்கைத் துயரையும் மனச்சோர்வோடு இணைத்த 2003ஆம் ஆண்டு முடிவை, பெருந்தரவு கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

முடிவுரை

இவ்விரு இனங்களின் வேறுபாடுகள் பெயரால் ஒன்றாயினும் தோற்றத்தால் வேறானவை. எனவே குரங்கில் கண்ட முடிவை மனிதர்க்கு நேரே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. மரபணுவின் வரிசையமைப்பையும் வளர்ப்புச் சூழலையும் சேர்த்து நோக்கும் ஒப்பீடே ஏற்புடையதாகும்.