குழந்தைமொழியில் இடமயக்கம்: ஆட்டிசம் குறித்த உளவியல் பார்வைகள்

முன்னுரை

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்கள் தம்முள் மயங்குவதை இலக்கண நூலார் இடவழு என்பர். தக்க காரணம் கருதி அவ்வழுவை ஏற்பது வழுவமைதியாகும். ஆட்டிசமுடைய குழந்தைகள் சிலர் 'நான்' என்னுமிடத்தில் 'நீ' என்கின்றனர். இம்மொழிக்கூறினை உளவியலார் எவ்வாறு விளக்கினர் என்பதையும், அவ்விளக்கங்களின் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கேனரின் பதிவு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் முதலாமவனான டொனால்டு, உறங்கி எழுந்தபின் கீழே இறங்க விரும்பினால், 'இறங்க வேண்டுமா?' எனத் தன்னைக் கேட்கும்படி தாயிடம் கூறுவான். கேட்ட தொடரைக் கேட்டவாறே சொல்வதால் இடப்பெயர் மாறாது நிற்கிறது எனக் கேனர் கருதினார்.

உளப்பகுப்பாய்வுப் பார்வை

புரூனோ பெத்தல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில், 'நான்' என்பதைத் தவிர்த்தலைத் தன்னிலை மறுப்பாகக் கொண்டார். ஆட்டிசத்தின் வேரைத் தாயின் அன்பின்மையில் தேடினார். இதனால் குழந்தையின் சொல்லே தாய்மீதான குற்றச்சாட்டாயிற்று. ஃபோல்ஸ்டீன், ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977-இல் வெளியிட்ட முடிவு, மரபுக்கூறுகளின் பங்கினைப் புலப்படுத்தியது. தாயைப் பழித்த கருத்து பின்னர்க் கைவிடப்பட்டது.

நடத்தையியல், அறிதல்சார் பார்வைகள்

நடத்தையியலார், பொருத்தமான விடையை வெகுமதியால் வலுப்படுத்திக் கற்பித்தனர். இங்குத் தாய்மீது பழியில்லை. எனினும் குழந்தை சொல்ல விழைந்தது யாது என்னும் வினா பின்தங்கியது.

பேரன்-கோஹன், லெஸ்லி, ஃபிரித் ஆகியோர் 1985-இல் பொம்மைகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனையில், ஆட்டிசமுடைய 20 குழந்தைகளுள் 16 பேர், பிறர் கொண்டுள்ள தவறான நம்பிக்கையை உய்த்துணர இயலாதிருந்தனர். பேசுவோர் மாறுந்தோறும் 'நான்', 'நீ' சுட்டும் ஆளும் மாறுவதால், இடமயக்கத்தையும் இந்நோக்கில் விளக்கலாம். ஆயினும் நால்வர் சரியாக விடையளித்தமையால், இவ்விளக்கம் அனைவருக்கும் பொருந்துமெனக் கொள்ளவியலாது.

மொழிப்பயன்பாட்டுப் பார்வை

பிரிசண்ட், டக்கன் ஆகியோர் 1981-இல், எதிரொலிப்பேச்சு வேண்டுதல், உடன்படுதல், உரையாடலில் தன் முறையை நிறைவுசெய்தல் முதலிய பயன்களை உடையதெனக் காட்டினர். இதன்வழி நோக்கின், டொனால்டின் கூற்று பொருளற்றதன்று, அது வேண்டுகோளே.

தமிழ்த்தொடரில் இடமயக்கம்

தமிழில் எழுவாய் தோன்றாது நிற்றல் இயல்பு. 'பால் வேண்டுமா?' என்னும் தாயின் வினாவையே சொல்லிக் குழந்தை பால் கேட்குமாயின், அத்தொடரில் மயங்குதற்கு இடப்பெயரே இல்லை. ஆகார வினா மட்டுமே எஞ்சுகிறது. 'சாப்பிட்டாயா?' என்பதில் விகுதி இடத்தை உணர்த்துகிறது. எனவே, 'நீ' என்னும் சொல்லை மட்டும் தேடுவோர் தமிழ்க்குழந்தையின் இடமயக்கத்தைக் காணத் தவறக்கூடும்.

முடிவுரை

வழுவெனக் கண்டு நின்றவிடத்துப் பழியோ திருத்தமோ மேலோங்கியது. காரணம் நாடியவிடத்துக் குழந்தையின் கருத்துப் புலனாயிற்று. ஆதலின், இத்தகைய கூற்றுகளை வழுவமைதியாகக் கொண்டு, அவை பிறந்த சூழலோடு பதிவுசெய்து ஆராய்தல் தமிழாய்வாளர் கடனாகும்.