புரை வந்த கண்ணும் வெள்ளெழுத்துக் கண்ணும்

தென்காசியில் மளிகை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர், வயது 48, நம்மிடம் யோசனை கேட்டார். சிட்டை எழுதும்போதெல்லாம் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறதாம். "லென்ஸ் மாற்றினால் கண்ணாடியே வேண்டாமாமே, செய்துவிடலாமா அண்ணாச்சி?" என்றார். புரை உண்டா என்றோம். இல்லையாம்.

இப்படிக் கேட்போர் நம்மில் பலர் என்பதால் விவரமாக எழுதுகிறோம். இரண்டும் ஒரே அறுவை சிகிச்சைதான். கண்ணுக்குள் உள்ள இயற்கை வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். புரை என்பது அந்த வில்லை மங்கிப்போவது, மருந்தால் தெளியாது. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து அப்படியல்ல. வில்லை தெளிவாகவே இருக்கும். பக்கத்தில் பார்க்க வளைந்துகொடுக்கும் தன்மைதான் குறைந்திருக்கும். அதற்குக் கண்ணாடி போதும். புரையில்லாத கண்ணில் லென்ஸ் மாற்றுவது, நல்ல சரக்கைக் கொட்டிவிட்டுப் புதுச் சரக்கு இறக்குவது போன்றது. எடுத்த வில்லையைத் திரும்ப வைக்க இயலாது. கிருமி தொற்றுவதும் விழித்திரை விலகுவதும் அரிது; வரவே வராது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

கண்ணாடியைத் தவிர்க்க வைக்கும் மல்டிபோகல் லென்ஸ் விலையும் கூடுதல். இரவில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். விடியுமுன் சரக்கெடுக்க வண்டி ஓட்டுகிறவர் இதை யோசிக்க வேண்டும். கண்ணாடி பவர் 7.5க்குக் குறைவென்றால் அதை நீக்கும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. புரைக்குத் தரும், பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால்.

பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன இன்னொன்றுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. குற்றாலம் கடையில் கல்லாவில் அமரும் அவர் தகப்பனாருக்கு, வயது 71, இரு கண்ணிலும் புரையாம். நூறு ரூபாய் நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். துவரம்பருப்பில் கல் தெரியவில்லை. "புரை முற்றட்டும், சாரல் சீசன் முடியட்டும்" என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது!

முற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அளவுக்கு மீறி முற்றினால் அறுவை கடினமாகும், கண்ணழுத்தம் ஏறி பார்வையே போகவும் கூடும். செலவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. வசதியற்றோருக்கு இலவசமும் உண்டு. முன்பு வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸை 1992 முதல் மதுரை ஆரோலேப் குறைந்த விலையில் செய்கிறது. சர்க்கரை இருந்தால் மட்டும் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

மகன் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். பெரியவருக்கு வைகாசியில் முதல் கண்ணுக்கு நாள் குறித்தாயிற்று. ஆனியில் சாரல் இறங்கினாலும், மருத்துவர் சொல்லும்வரை அருவிப் பக்கம் தலையைக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.