கில்கித் புத்தகங்களைத் திறக்கும் பிள்ளைகளுக்கு

கில்கித், ஹன்சா, சித்ரால் பக்கம் போன வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளை எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. எழுதியவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று முதலில் பாருங்கள். 1889-இல் பிரிட்டிஷார் கில்கித் ஏஜென்சி என்ற தங்கள் எல்லை அலுவலகத்தை மறுபடி திறந்தபோது அதன் பொறுப்பை ஏற்றவர் அல்ஜெர்னன் டூரண்ட். இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளராக அப்போது இருந்தவர் அவருடைய அண்ணன் மார்ட்டிமர். தம்பி 1899-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படிக்கும்போது இந்த உறவு நினைவில் இருக்கட்டும்.

2. எந்தச் சண்டைக்கும் ஒரே சாட்சியை நம்பாதீர்கள். 1891 டிசம்பரில் ஹன்சா மேல் பிரிட்டிஷார் படையெடுத்தபோது நில்ட் கோட்டையில் நடந்ததை டூரண்டும் எழுதினார், ‘டைம்ஸ்’ நிருபர் ஈ. எஃப். நைட்டும் எழுதினார். டூரண்ட் தொடக்கத்திலேயே குண்டடிபட்டு விலகியவர். நைட்டோ நிருபராக வந்து, அங்கே சிப்பாய்களுக்குத் தலைமையேற்றுச் சண்டையும் போட்டவர். இந்தப் படையெடுப்பையே கண்டித்து எழுதிய லைட்னரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற ஹன்சா அரசர், மீர் சஃப்தர் அலி, சீனத் துருக்கிஸ்தானத்துக்கு ஓடிப்போனார். அவர் தரப்பை அவர் வாயால் கேட்க இந்தப் புத்தகங்களில் வழியில்லை.

3. அந்த சஃப்தர் அலியை 1889-இல் சந்தித்த பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்ட், மனைவிமாருக்குச் சோப்புக் கேட்கிற பேராசைக்காரராக அவரைத் தீட்டியிருக்கிறார். சிரிப்பு வரும், சிரியுங்கள். ஆனால் சீனா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றுக்கும் நடுவே உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கிடைத்ததைக் கறக்கப் பார்த்த ஒரு சிற்றரசர்தான் அங்கே பேசுகிறார். எனக்கு அவர் முட்டாளாகத் தெரியவில்லை.

4. வீரதீர அத்தியாயங்களை வேகமாகப் புரட்டலாம். மூட்டை தூக்கியவர்கள் வரும் பக்கங்களில் நில்லுங்கள். ஸ்ரீநகரிலிருந்து கில்கித்துக்குப் போன அந்நாளைய பாதை 4,000 மீட்டருக்கு மேல் பூர்ஸில் கணவாயைத் தாண்டியது. காவற்படைக்கான தானியத்தை அதன் வழியே சுமந்தவர்கள் பேகார் என்ற கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட காஷ்மீர் விவசாயிகள். கில்கித் என்ற பேரைக் கேட்டாலே கிராமங்கள் நடுங்கின. நைட்டும், 1895-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதிய வால்ட்டர் லாரன்சும் இந்தக் கொடுமையை மறைக்கவில்லை. மனம் பதறித்தான் எழுதுகிறார்கள். பழி மட்டும் காஷ்மீர் மகாராஜாவின் தர்பார் மேல் போகிறது. தர்பாருக்கு அதில் பங்கு உண்டு, சரி. அந்த எல்லையில் இன்னும் படை வேண்டும், இன்னும் தானியம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது யார்? அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

5. எரிச்சலூட்டும் புத்தகத்தையும் தூக்கி எறியாதீர்கள். ஜார்ஜ் ராபர்ட்சன் என்ற ராணுவ மருத்துவர் 1890-91-இல் காஃபிரிஸ்தானத்தில், பெரும்பாலும் காம்தேஷ் கிராமத்தில், ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். தன்னை விருந்துக்கு அழைத்தவர்களையே இளக்காரமாகப் பேசுவார். ஆனால் விருந்து, வீட்டுக் கட்டுமானம், இறந்தவருக்கு நடும் மரச்சிலை என எதையும் விடாமல் குறித்துவைத்தார். 1895-96 குளிர்காலத்தில் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான் அந்த நாட்டைப் பிடித்து மக்களை மதம் மாற்றினார். பிறகு அது நூரிஸ்தான் ஆயிற்று. ராபர்ட்சன் புத்தகம் வந்த 1896-இல், அதில் உள்ள வாழ்க்கை அங்கே அழிந்துகொண்டிருந்தது. அந்த அளவு விவரமாகப் பார்த்து எழுதியவர் வேறு யார்?

6. 1895 சித்ரால் முற்றுகைக் கதைகளில் முற்றுகையை உடைக்கப் போன கர்னல் கெல்லியின் ஆட்கள் ஷந்தூர்க் கணவாய்ப் பனியில் பீரங்கிகளை இழுத்துப் போன பகுதி போதும்.

7. ஒரே ஊரில் நெடுநாள் குடியிருந்தவரின் புத்தகத்துக்கு முதலிடம் கொடுங்கள். 1930-களில் கணவரோடு ஹன்சாவில் தங்கிய எமிலி லோரிமர் அடுப்படியையும் வயலையும் பார்த்தார். கில்கித்தில் மருத்துவராக இருந்துவிட்டுப் பிறகு நம் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், ஹன்சாக்காரர்களின் உடல்நலத்தை வானளாவப் புகழ்ந்தார். நூறு வயது தாண்டியும் நோயறியாத மக்கள் என்ற கதை அதிலிருந்து கிளைத்து, இன்றும் ஆப்ரிகாட் பருப்பு விற்கிறவர்களுக்குச் சோறு போடுகிறது. 1950-ஐ ஒட்டி ஹன்சாவில் தங்கி மருந்து கொடுத்த அமெரிக்க நிலவியலாளர் ஜான் கிளார்க்கிடம் வந்தவர்களுக்கு மலேரியா, சீதபேதி, குடற்புழு எல்லாம் இருந்தன. மெக்காரிசனைப் படித்த கையோடு கிளார்க்கையும் படித்துவிடுங்கள்.