அகலமா, குறுகலா? பனிச்சறுக்குப் பலகையின் கணக்கு

தார்ச்சாலையில் விரைந்தோடும் மிதிவண்டி, ஆற்று மணலில் இறங்கியதும் சக்கரம் புதைந்து நின்றுவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே அடிவாரத்தில், பழகுவோருக்கான சரிவுகளில் பனி அழுத்திக் கெட்டியாக்கப்பட்டிருக்கும். கம்பிவட ஊர்தியில் ஏறி, 3,900 மீட்டருக்கும் மேலே அஃபர்வாட் மலைச்சரிவை அடைந்தாலோ, புதிதாகப் பெய்த மாவு போன்ற பனி!

இரு வகைப் பனியிலும் சறுக்க உதவுவதை 'ஆல் மவுண்டன்' பலகை என்பர். காலணியின் கீழே அதன் அகலம் சிலவற்றில் 80 மில்லிமீட்டர். சிலவற்றில் 100 மில்லிமீட்டர். வேறுபாடு இரண்டே சென்டிமீட்டர்தான். இதற்காகவா இவ்வளவு யோசனை? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மென்பனியில்

அழுத்தம் என்பது ஓரலகு பரப்பின்மீது செயல்படும் விசை என்று படித்திருக்கிறீர்கள். உடை, கருவிகளுடன் ஒருவரின் எடை 68 கிலோகிராம் என்று கொள்வோம். அவருடைய காலணிகளின் அடிப்பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 136 கிராம் எடை அழுத்தும். கால் புதைவதில் வியப்பென்ன?

இப்போது 170 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகைகளை அணியட்டும். பலகையின் முனைகள் நடுப்பகுதியைவிட அகன்றவை; எளிமைக்காக எங்கும் ஒரே அகலம் என்று கொள்வோம். 8 சென்டிமீட்டர் பலகைகள் இரண்டின் பரப்பு 2,720 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 25 கிராம். 10 சென்டிமீட்டர் பலகைகளுக்குப் பரப்பு 3,400; அழுத்தம் 20 கிராம். ஆகவே அகலப் பலகை குறைவாகவே புதையும்.

கெட்டிப்பனியில்

இங்கே புதையும் பேச்சே இல்லை. திரும்பும்போது பலகையைச் சாய்த்து, அதன் எஃகு விளிம்பைப் பனியில் பதிக்க வேண்டும். அப்போது பனி தரும் எதிர்விசை விளிம்பில் செயல்படுகிறது. காலோ பலகையின் நடுவில் இருக்கிறது. இடைத்தூரம் குறுகிய பலகையில் 4 சென்டிமீட்டர், அகலப் பலகையில் 5 சென்டிமீட்டர். விசை ஒன்றே ஆனாலும், பலகையைத் தட்டையாக்க முயலும் திருப்புத்திறன் கால் பங்கு கூடிவிடுகிறது! அதைத் தாங்க வேண்டியவை கணுக்காலும் முழங்காலும் அல்லவா? ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் பிடிக்கும்.

எது சிறந்தது?

'எங்கே?' என்று கேட்காமல் இதற்கு விடை கூற முடியாது. கெட்டிச் சரிவில் பழகும் புதியவர் அகலப் பலகையை எடுத்தால் விரைவில் களைத்துப் போவார். மென்பனியை நாடுபவர் குறுகிய பலகையோடு போனால் புதைந்து தவிப்பார். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவர், ஒன்றில் பெறுவதற்காக மற்றொன்றில் சிறிது இழக்கத்தான் வேண்டும்.

செய்து பாருங்கள்

தட்டில் உலர்ந்த மாவைச் சலித்துத் தளர்வாக நிரப்புங்கள். ஒரே நீளமும் வெவ்வேறு அகலமும் கொண்ட இரண்டு அட்டைகளை அதன்மேல் வைத்து, ஒவ்வொன்றின்மீதும் ஒரே எடைக்கல்லை வையுங்கள். எது அதிகம் புதைகிறது? அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.