பிறர் தகவலும் அமானிதமே: சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு



ப்ளஸ் டூ முடித்த பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். மருத்துவம், பொறியியல் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சட்டம் என்றால், "வக்கீல் தொழிலில் பொய் சொல்ல வேண்டி வருமே" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாத ஒரு துறையை இந்த இதழில் பார்ப்போம். அதுதான் தகவல் பாதுகாப்புச் சட்டம்.

மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம்

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. வீட்டு வாசலில் பேணும் இந்த ஒழுக்கம் கைப்பேசியிலும் வேண்டும். ஒருவர் நம்பித் தரும் ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை எல்லாமே அமானிதம்.

நாட்டின் சட்டம்

ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. நம் தகவலை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம். தவறான தகவலைத் திருத்தச் சொல்லலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு.

வழக்கறிஞரின் வேலை என்ன?

ஒரு மருத்துவமனை புதிய செயலி கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியிடம் எந்தத் தகவல் அவசியம்? அதை யார் யார் பார்க்கலாம்? எப்போது அழிக்க வேண்டும்? திருடு போனால் யாருக்குச் சொல்ல வேண்டும்? இவற்றை ஆராய்ந்து, ஒப்பந்தமும் அறிவிப்பும் எழுதித் தருபவர் இந்த வழக்கறிஞர். தவறு நடக்குமுன் தடுப்பதே அவருடைய முதல் வேலை. வங்கிகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுபோன்ற சட்டம் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ளது. அங்குள்ள மக்களின் தகவலைக் கையாளும் நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சாசனத்தின் 8ஆவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது நம் சட்டம். ஆகவே நல்ல தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதுவும் ஒரு தகுதியே.

படிக்கும் வழி

ப்ளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு. பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. கணினி அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும். பட்டம் பெற்றபின் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

நம்மிடமிருந்தே தொடங்குவோம்

கல்வி உதவிக்கு விண்ணப்பித்தவர்களிடம் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். "என் பேப்பர் எத்தனை பேர் போனில் இருக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்த நகல்களை இப்போது அழித்துவிட்டோம். இனி விண்ணப்பங்களை அலுவலகத்தில் மட்டுமே வாங்குவோம். பொறுப்பாளர் ஒருவரே அவற்றைக் கையாள்வார். உதவி பெறுவோரின் படத்தை எங்கும் வெளியிட மாட்டோம். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே சிறந்தது என்பது அல்பகரா 271ஆம் வசனம் தரும் பாடம்.

அந்தத் தாய் கேட்ட கேள்வியை நிறுவனங்களிடம் சட்டப்படி கேட்கவும், பதில் வாங்கித் தரவும் தெரிந்த பிள்ளைகள் நம் மஹல்லாவிலிருந்து உருவாக வேண்டும். பிறர் அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக அவர்களை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.